ஸ்கோப்பைக் கழற்றிய பிறகு நேராகச் சுட்ட துப்பாக்கி

கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைபிளைப் படுத்தபடி சுட்டுப் பழகியவன் நான். ஐம்பது வயதைக் கடந்த பின் அந்தப் பழக்கத்தை வீட்டளவிலாவது மீட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் சென்ற ஆண்டு, அழுத்திய காற்றால் குண்டைத் தள்ளும் ஓர் ஏர் ரைபிள் வாங்கினேன். கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீடு ரேழியிலிருந்து கொல்லைச் சுவர் வரை ஒரே நேர்க்கோட்டில் நீள்வதால் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா ஏர் ரைபிளில் தங்கம் வென்றதும் இதே தூரத்தில்தான். தூரத்தைத் தவிர வேறெந்த ஒற்றுமையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்லைச் சுவரை ஒட்டி, பழந்துணி அடைத்த மரப்பெட்டி ஒன்றை, பின்புறம் இரும்புத் தகடு வைத்து நிறுத்தி, அதன் முகப்பில் இலக்கு அட்டையைக் குத்திக்கொண்டேன்.

வாங்கியது திருச்சியில் உள்ள ஒரு கடையில். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, 4.5 மி.மீ. குழல் விட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இந்த விட்டத்துக்கு மேற்படாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை என்பதால், அடையாள அட்டையின் நகலைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது. விலை 11,500 ரூபாய். நான்கு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்றும் அதில் சேர்த்தி. அந்த ஸ்கோப்தான் என்னை ஈர்த்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் இருபது குண்டுகளுக்குப் புகையும் எண்ணெய் கருகும் வாடையும் வந்தன. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் அழுத்தத்தின் சூட்டில் எரிவதால் புதுத் துப்பாக்கியில் இது வழக்கம். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குறை அட்டையில் தெரிந்தது. பத்து மீட்டர் போட்டி அட்டையில் மதிப்பெண் வட்டங்கள் அனைத்தும் 45.5 மி.மீ. விட்டத்துக்குள் அடங்கிவிடும். மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் கையை ஊன்றிச் சுட்டும், பத்தில் நான்கு குண்டுகள் அந்த வட்டங்களுக்கு வெளியே விழுந்தன. ஒரு பக்கமாக விலகியிருந்தால் ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்திருக்கலாம். இவையோ இடமும் வலமுமாகச் சிதறின.

முதலில் என்னையே சந்தேகித்தேன். ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னுக்குத் துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுவதால், இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் கிடத்தினாற்போல் பிடிக்க வேண்டும். என்.சி.சி.யில் தோளோடு அழுத்திப் பழகிய கைக்கு அது வரச் சில நாள்கள் ஆயின. துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிணைக்கும் திருகுகள் மூன்றும் தளர்ந்திருந்தன; முடுக்கினேன். கடையில் கொடுத்த குண்டுகளின் விளிம்புகள் பிசிறாக இருந்ததால், தட்டைத் தலையுள்ள நல்ல குண்டுகளாக மாற்றினேன். சிதறல் சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

சலித்துப்போய் ஒரு நாள் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியோடு வந்த, வெறுங்கண்ணால் குறிபார்க்கும் குறிமுனைகளை வைத்தே சுட்டேன். பத்தும் வட்டங்களுக்குள் விழுந்தன! அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. குறிமுனைகள் இரண்டும் குழலின்மேலேயே இருக்கின்றன. ஸ்கோப்போ பின்னால் பிஸ்டன் ஓடும் உருளையின்மேல் அமர்கிறது. மூடிய குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக்' என்று ஒரு சிறு அசைவு இருந்தது. ஒவ்வொரு முறை மடக்கி மூடும்போதும் குழல் மயிரிழை தள்ளி உட்கார, அதை அறியாமல் ஸ்கோப் பழைய திசையையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. போதாததற்கு, முன்னும் பின்னுமான உதையில் ஸ்கோப்பே அதைப் பொருத்தும் தண்டவாளத்தில் கீறல் விட்டு நகர்ந்திருந்தது. குழல் மூடும் இணைப்பின்மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்ததில் அது பறந்தது; அந்த இணைப்பை அடைக்கும் சீல் வழியாகக் காற்றும் கசிந்திருக்கிறது.

கடைக்காரர் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். "புதுசுன்னா அப்படித்தான் சார், ஐந்நூறு குண்டு போனா செட் ஆயிடும்" என்றார். ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் பழகப் படிவது உண்மை. ஆனால் குழலை உருளையோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்திருந்தால், அது சுடச் சுட எப்படித் தானாக இறுகும்? ரசீதில் அச்சிட்டிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியை அவர் அடுத்துக் காட்டினார். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது என்பதைச் சொல்லி, தேதியிட்ட அட்டைகளையும் காகிதம் பறக்கும் காணொளியையும் மேசைமேல் வைத்தேன். நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கும் அவசியம் வரவில்லை. துப்பாக்கி தயாரிப்பாளரிடம் போய்ப் பத்தொன்பது நாள்கள் கழித்து, புதுச் சீலோடும் முடுக்கிய போல்ட்டோடும் திரும்பி வந்தது. ஸ்கோப் 'இலவசம்' என்பதால் அதை மாற்றித் தர மாட்டார்களாம்.

இப்போது குறிமுனையில் சுடும் பத்து குண்டுகளின் துளைகளைப் பெரும்பாலான நாள்களில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். மரக்கட்டையின் வேலைப்பாடும் தோளில் அமரும் விதமும் எனக்குப் பிடித்தவை. சுட இழுக்கும் விசை (டிரிகர்) மட்டும் இன்னும் கனம்தான். எங்கே விடுபடும் என்று தெரியாமல் இழுபடுகிறது, இதற்கு முடுக்கல் எதுவும் உதவவில்லை. ஸ்கோப் மாடியில் கிடக்கிறது, எதிர்வீட்டுத் தென்னையில் காய் எண்ணுவதற்கு. இதே துப்பாக்கியை ஸ்கோப் இல்லாமல் ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்தால் தயக்கத்தோடு பரிந்துரைப்பேன். வாங்குவோர் பணத்தை எடுக்கும் முன் குழலைப் பக்கவாட்டில் ஒரு முறை ஆட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.