ஒரே கட்டமா, ஊருக்கொரு முகமா?

பாரம்பரிய இடங்களுக்கு டிசைன் செய்யும்போது முதலில் கைவிட வேண்டியது மஞ்சளேறிய தாள், சுருள் எழுத்து, ஓரமெல்லாம் பூவேலை என்று பழசைப் போலி செய்வது. அசல் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே கல்வெட்டு பாணியில் பலகை வைத்தால் எது பழையது என்றே புரியாது. உண்மையான போட்டி வேறு இரண்டு வழிகளுக்கு இடையில்.

ஒன்று, அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையின் 'யூனிகிரிட்', அதாவது அதன் கையேடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான டிசைன் விதி. 1977-ல் டிசைனர் மாசிமோ விக்னெல்லி வகுத்துக் கொடுத்தது. எந்த இடத்துக் கையேட்டை எடுத்தாலும் மேலே கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் பெயர். அதன் கீழே உரை, படம், வரைபடம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் (grid) உட்காரும். தாள் அளவும் எழுத்துருவும் முன்பே முடிவாகிவிட்டதால், உழைப்பு முழுக்க வரைபடத்துக்கும் விளக்கத்துக்கும் போகிறது. பேர் தெரியாத சின்ன இடத்துக்கும் அதே தரம் கிடைக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த மன்சனார் முகாமுக்கும், வெந்நீர் ஊற்று பார்க்கப் போகும் யெல்லோஸ்டோனுக்கும் ஒரே பட்டை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

மற்றொன்று, போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்கு 2014-ல் எடுவார்டோ ஐரெஸின் ஒயிட் ஸ்டுடியோ என்ற டிசைன் நிறுவனம் செய்த நகரச் சின்னத் தொகுப்பு. அந்த ஊர்ச் சுவர்களில் இருக்கும் நீல ஓடுகள்தான் இதற்கு மூலம். ஆனால் ஓட்டின் பூக்களை அப்படியே நகலெடுக்கவில்லை. பக்கத்து ஓட்டோடு கோடு சேரும் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊரின் ஓர் இடத்தையோ அம்சத்தையோ காட்டும் ஒவ்வொரு சின்னமும் நீலக் கோட்டில் வரைந்த ஒரு சதுரம்; அடுக்கினால் சுவர் முழுக்கப் படரும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கிளெரிகோஸ் கோபுரமும் 2005-ல் திறந்த காசா டா மியூசிகா அரங்கமும் இதில் சரிசமமாக நிற்கின்றன. அருமையான வேலை. ஆனாலும் கோபுரத்தின் அடியில் போய் நிற்பவருக்கு அந்தச் சின்னம் எதையும் சொல்வதில்லை. அது ஊரின் முகம், வழிகாட்டி அல்ல.

மக்கள் வாழும் பழைய நகரத்துக்குப் போர்ட்டோ வழி பொருந்தும். கோட்டை, அகழாய்வுத் தளம், நினைவிடம் போன்றவற்றுக்குக் கட்டம்தான் என் தேர்வு. பத்து வருஷம் கழித்து ஒரு பலகை கூடுதலாகத் தேவைப்பட்டால், அதைச் செய்பவர் புதியவராக இருப்பார். விதி எழுதி வைத்திருந்தால் அவரால் பிசகாமல் செய்ய முடியும். சின்னங்களை அதே கைவாகில் வரைவது எல்லாருக்கும் வராது.

கட்டத்தை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பல மொழிப் பலகை என்றால், அதிக இடம் பிடிக்கும் மொழியை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்து, புள்ளியும் மேல்சுழியும் மேல் வரியில் இடிக்கும்.