தடுப்பூசித் தோள்வலிக்கு இழப்பீடு: முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்

அமெரிக்காவில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் தோள்பட்டை முடங்கிப்போய்த் தவிப்பவர்கள், இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் ஒரு டாலர் கொடுப்பதற்கு முன்பாவது எனக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2021 அக்டோபரில், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டருகே உள்ள மருந்துக் கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். நான் அமர்ந்திருக்க, மருந்தாளுநர் நின்றபடியே என் சட்டைக் கழுத்தை ஒதுக்கி, தோள் எலும்பை ஒட்டி மிக மேலாக ஊசியை இறக்கினார். அன்றிரவே வலி தொடங்கிவிட்டது. ஒரு வாரத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னல் போட முடியவில்லை. மேல்தட்டிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. தசையில் இறங்க வேண்டிய மருந்து மூட்டை ஒட்டி இறங்கியதால் வந்த அழற்சி என்று, 2022 பிப்ரவரியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் சொன்னார். தடுப்பூசியின் மேல் எனக்குக் குறையில்லை, போட்ட இடத்தின் மேல்தான் குறை. இன்றும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில் அறிமுகமான ஓர் இழப்பீட்டு உதவி நிறுவனம், 1,500 டாலர் முன்பணமும் கிடைக்கும் தொகையில் 35 விழுக்காடும் கேட்டு ஒப்பந்தம் போட்டது. இழப்பீட்டு மனு போட எம்.ஆர்.ஐ. எடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, அவசரமில்லை என்றார்கள். நானும் நம்பிக் காத்திருந்தேன்.

2024 டிசம்பரில் மனம் பொறுக்காமல், தடுப்பூசி வழக்குகளையே நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். ஊசி போட்ட தேதி எது, வலி என்று தொடங்கியது என்று இரண்டே கேள்விதான் கேட்டார். பிறகு சற்று நேரம் அவர் பேசவில்லை. மூன்று ஆண்டு என்பது முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து கணக்கு. அது அக்டோபரிலேயே முடிந்திருந்தது. மனு தாக்கலே ஆகவில்லை.

அவரிடம்தான் மற்றவற்றையும் அறிந்தேன். தடுப்பூசிக் காயங்களுக்கு இழப்பீடு தருவதற்கான 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மனு மருந்துக் கடையின் மேல் அல்ல, கூட்டாட்சி அரசின் சுகாதாரத் துறைச் செயலரை எதிர்மனுதாரராக்கி, வாஷிங்டனிலுள்ள நீதிமன்றத்தில் போடப்படுகிறது. இழப்பீடு வருவது தடுப்பூசிகள் மேல் விதிக்கும் வரியில் சேரும் நிதியிலிருந்து. 2017 முதல் தோள்பட்டைக் காயமும், இழப்பீட்டுக்குரிய காயங்களைப் பட்டியலிடும் அச்சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது: வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது, பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்தை அந்த நிதியே தனியாகக் கொடுக்கிறது. நல்லெண்ணத்தோடும் தக்க அடிப்படையோடும் போட்ட மனுவானால், தோற்றாலும் கொடுக்க இடமுண்டு. நமக்கு வரும் தொகையில் பங்கு கேட்க வழக்கறிஞருக்கே சட்டம் அனுமதி தரவில்லை என்னும்போது, 35 விழுக்காடு கேட்ட தரகரை என்னவென்று சொல்வது?

கோவிட் ஊசியானால் வழி வேறு. அது நீதிமன்றத்துக்குப் போவதில்லை, ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு, வழக்கறிஞர் செலவும் நம்முடையதே.

வலி இருப்பவர்கள் இன்றே மருத்துவரிடம் சென்று, எந்தக் கையில் எந்தத் தேதியில் ஊசி போட்டது, வலி எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதை அவருடைய குறிப்பில் எழுதச் செய்யுங்கள். நான் கொடுத்த முன்பணத்துக்காக மாநில நுகர்வோர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 1,500 டாலர் இன்னும் திரும்பி வரவில்லை.