பின்கதவுக் கண்ணாடிப் பூட்டு: சுங்கை சிப்புட் பட்டறை ஒன்றின் சேவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பல, ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ போய்வர எக்சோரா, அல்சா போன்ற ஏழு பேர் அமரும் வண்டிகளையே வைத்திருக்கின்றன. அந்த வண்டிகளின் பின்னிருக்கையில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் விளையாட்டு ஓய்வதே இல்லை. அதைத் தடுக்க வேண்டிய பூட்டுப் பொத்தான் எங்கள் வண்டியில் செயலிழந்துபோனதால், பட்டணத்தில் உள்ள ஒரு கார் எலக்ட்ரிக் பட்டறையை நாடினேன். அங்கே கிடைத்த சேவை எழுதத் தகுந்தது.

பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூட்டைப் போட்டுவிட்டால் கண்ணாடியும் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் உறவினரிடையே இன்னும் இருக்கிறார்கள். அது கதவை உள்ளிருந்து திறக்கவிடாமல் செய்யுமே தவிர, கண்ணாடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணாடியைக் கட்டுப்படுத்துவது ஓட்டுநர் கதவில், நான்கு சுவிச்சுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் தனிப் பொத்தான்தான். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சிறுவர் இருக்கை கட்டாயமாகியிருப்பதால், சின்னப் பிள்ளைகளும் இப்போது உயரமாக உட்கார்ந்துகொண்டு, கை எட்டும் இடத்திலேயே சுவிச்சை வைத்திருக்கிறார்கள்.

இதை வெறும் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அழுத்தினால் ஏறும் வகைச் சுவிச்சாக இருந்தால், வெளியே எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முழங்கால் பட்டாலே கண்ணாடி மேலேறிவிடும். விரலால் மேல்நோக்கி இழுத்தால் மட்டும் ஏறும் வகை அதைவிடப் பாதுகாப்பானது. தடை பட்டால் தானாகத் திரும்பும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்கு மேல், நெருக்குவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 21ஆம் எண் வாகன விதி கூறுகிறது. பின் கண்ணாடிக்கு அந்த வசதி இல்லையென்றால், பின் சுவிச்சுகளைச் செயலிழக்கச் செய்யும் பொத்தான் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் தானாகத் திரும்பும் வசதி ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டுமே தரப்படுகிறது. ஆகவே அந்தச் சின்னப் பொத்தான் கெட்டுக் கிடப்பதை ரேடியோ கெட்டுக் கிடப்பதைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டறைக்குப் போவதற்கு முன், இணையத்தில் விற்கப்படும் பிளாஸ்டிக் சுவிச் மூடிகளை வாங்கிப் பொருத்தினோம். நண்பகல் வெயிலில் செம்மண் திடலில் நிற்கும் வண்டிக்குள் அதன் பசை இளகி, மூடி ஒரு பக்கமாக நழுவியது. மிச்சத்தை என் இளைய மகன் நகத்தால் உரித்தெடுத்தான். அப்படிக் கழன்று வரும் சிறு துண்டு பிள்ளையின் வாய்க்குள் போகும் என்பதால், அந்தப் பொருளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டறைக்காரர் முதலில் பழுதைத் தேடிய முறையே எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டுநர் கதவின் சுவிச் தொகுதியைக் கழற்றி, மின்தட்டைத் தனியே எடுத்து, பூட்டுப் பொத்தானுக்கு அடியில் பாகுபோல இறுகியிருந்த மைலோ கறையைக் காட்டினார். "புதுசு போட வேண்டாங்க்கா, இதையே கழுவிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மருந்து தெளித்துத் துடைத்து, மீட்டர் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் சோதித்தார். முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லிப் பெரிய தொகை கேட்ட வேறொரு பட்டறையின் நினைவு எனக்கு அப்போது வராமலில்லை.

இன்னொரு குறையையும் அவரிடம் சொன்னேன். எங்கள் வண்டியின் பூட்டு, பின்னால் இருப்பவர்களோடு முன்னிருக்கைப் பயணியின் சுவிச்சையும் சேர்த்தே முடக்கிவிடுகிறது. வெக்கையில் என் மாமியார் கண்ணாடியை இறக்கச் சொல்லும்போதெல்லாம் ஓட்டுபவர்தான் கை நீட்ட வேண்டும், அல்லது பூட்டை எடுத்துவிட வேண்டும், எடுத்த மறுநொடி பின்னால் விளையாட்டு தொடங்கிவிடும். பட்டறைக்காரர் பின் சுவிச்சுகள் இரண்டுக்கும் போகும் மின்வழியைப் பிரித்து, பூட்டு அவற்றை மட்டும் முடக்கும்படி செய்து தந்தார். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில் வயரை இப்படித் தொட்டால் நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்கலாம் என்று அவரே முன்கூட்டிச் சொன்னது நேர்மையான செயல். பின் கண்ணாடி மோட்டார்களையும் பார்த்தார். ஓயாமல் ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடேறி, உள்ளே இருக்கும் வெப்பத் தடுப்பு அதைச் சிறிது நேரம் நிறுத்திவிடும் என்று விளக்கியபோதுதான், அன்றொரு நாள் மழையில் எங்கள் கண்ணாடி பாதியில் நின்றதற்குக் காரணம் விளங்கியது. செம்பனை ஆலையின் வாடையும் சாரலும் ஒன்றாக உள்ளே வந்த அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

கூலி நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. குறைகளும் உண்டு. காத்திருக்க நிழல் கிடையாது. என்ன வேலை செய்தார் என்பதை எழுதிய ரசீது, கேட்ட பிறகுதான் கிடைத்தது. இருக்கைக்கு அடியில் ஒரு வயர் கட்டு சரியாகக் கிளிப் செய்யப்படாமல் இருந்ததால் மறுநாள் திரும்பப் போக வேண்டியிருந்தது, ஆனால் அதற்குப் பணம் வாங்கவில்லை.

கண்ணாடிகளைக் கணினிப் பெட்டி வழியே இயக்கும் புதிய வண்டிகளில் இப்படி வயரைப் பிரிக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போகலாம். போகும்போது சிறுவர் இருக்கையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் பின்கதவு வேலை சீக்கிரம் முடியும்.