குவாரிக்காரர் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நான் மாட்டிய கதை

கரூர் மாவட்டத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கல் குவாரி எங்கள் வேலியிலிருந்து கூப்பிடு தூரம். பெயர் போடமாட்டேன், வழக்கு நடக்கிறது.

மத்தியானம் வெடி வைப்பார்கள். முதலில் அலமாரியில் பாத்திரம் சிணுங்கும், அப்புறம்தான் சத்தம் வரும். சித்திரையில் நிலைப்படிக்கு மேலே முடி மாதிரி ஒரு கீறல் விட்டது. ஆடி வருவதற்குள் அதில் ரூபாய்க் காசு நுழைந்தது. போய்க் கேட்டேன்.

மேனேஜர் அவ்வளவு மரியாதை. "உக்காருங்கண்ணா, டீ குடிங்க. இன்ஜினியரை வெச்சு மெஷின்ல அளந்துரலாங்க" என்றார். அடுத்த வாரமே ஒரு பெட்டியோடு ஆள் வந்து, திண்ணையில் சும்மா வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வெடித்தது ஊசிப் பட்டாசு மாதிரி இருந்தது. பாறையில் வெடிமருந்து நிரப்ப வழக்கமாக நாற்பது குழிக்கு மேல் போடுகிறவர்கள் அன்று போட்டது எட்டே குழி என்று, குழி துளைக்கும் கம்பரசர் ஓட்டுகிற பையன் பிறகு சொன்னான். அதிர்வு 3 மில்லிமீட்டர், "லிமிட் 15 அண்ணா" என்று தாளை நீட்டினார்கள். நானும் நம்பினேன்.

அந்த 15 முழு உண்மை இல்லை. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் வருடச் சுற்றறிக்கைப்படி, வீடுகளுக்கான அளவு அதிர்வெண்ணைப் பொறுத்து, அதாவது விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைப் பொறுத்து மாறும். 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர்தான், 25 வரை 10, அதற்கு மேல்தான் 15. என் தாளில் அதிர்வெண் என்ற கட்டமே கிடையாது. எத்தனை குழி, எத்தனை கிலோ மருந்து என்பதும் இல்லை.

பிறகு ஊர்ப் பெரியவர் வீட்டில் பேச்சு. "பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், நாளைக்கு மூஞ்சியில முழிக்க வேண்டாமா?" என்றார்கள். பூச்சு வேலைக்கு 40,000 ரூபாய் தருவதாக முடிவாகி, டைப் அடித்த 20 ரூபாய்ப் பத்திரம் வந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனது என் புத்தி. விரிசல் எல்லாம் வீட்டின் பழமையால் வந்தது, பணம் மனிதாபிமானத்தில் தருவது, இனி வெடி சம்பந்தமாக எங்கும் மனு செய்யமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. என் வீடு கட்டிப் பதினோரு வருடம்தான் ஆகிறது!

ஐப்பசி மழைக்குள் புதுப் பூச்சையே பிளந்துகொண்டு பழைய விரிசல் வந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். 'சுமுகமாகப் பேசித் தீர்க்கப்பட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. பத்திர நகலைக் குவாரிக்காரர்கள் முன்னமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி இருக்கிறதே என்று பிடித்தேன். அதிலும் ஓட்டை. தமிழ்நாடு சிறுகனிம விதிகள் குடியிருப்பு என்று சொல்வது வருவாய்க் கணக்கில் உள்ள நத்தம், வீட்டுமனை, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு ஆகியவற்றைத்தான். என் சாளை நிற்பது புன்செய்ப் பட்டாவில். கொங்குப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம், யாருக்கும் தெரியாது.

ஆகவே குவாரி வரப்போகிறது என்று தெரிந்தவுடனே சுவர், தளம், கிணறு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். அளக்க வந்தால், வழக்கமான முழு வெடி வைக்கிற நாளில்தான் அளக்க வேண்டும் என்று கேளுங்கள், அன்றைய குழி, மருந்துக் கணக்கோடு தாள் வாங்குங்கள். பணம் வாங்கினால் இன்ன சுவர்ப் பூச்சுக்கு மட்டும் என்று ரசீது எழுதுங்கள், பத்திரம் வேண்டாம். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பதற்கு, பாதிப்பு முதலில் தொடங்கிய நாளிலிருந்து 5 வருடம் அவகாசம் உண்டு என்று வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று கொத்தனார் சொன்னபடி விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடிப் பட்டைகளைச் சிமெண்டில் பதித்து, தேதி எழுதி, எதிரே பழைய செல்போனை நிறுத்தியிருக்கிறேன். போன வெள்ளி மத்தியானம் ஒன்று பத்துக்கு இரண்டு பட்டை உடைந்தது. வீடியோவில் பாத்திரச் சத்தமும் கேட்கிறது.