எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் என் கையில் திணிக்கப்பட்ட மாவு டப்பா

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும், செய்துகொண்டு வீடு திரும்பியிருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். கத்தி பிடித்த மருத்துவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். அதற்குப் பின் வந்த எட்டு வாரச் சாப்பாடுதான் என்னைப் படுக்கையில் தள்ளியது. என்ன சாப்பிட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று அந்த எட்டு வாரமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் உணவியல் படித்தவரே அல்ல.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது 41. உயரம் 158 செ.மீ., அறுவை சிகிச்சைக்கு முன் எடை 118 கிலோ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டாம் மாடி வகுப்புக்குப் படியேறினால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்ற பிறகுதான் பேச்சு வரும். நடை, பட்டினி, பேலியோ என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, வேறொரு நகரத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனோம். மொத்தத் தொகை 3,40,000 ரூபாய். அவர்கள் கொடுத்த வண்ணக் கையேட்டில் 'ஓராண்டு உணவு ஆலோசனை இலவசம்' என்று அச்சிட்டிருந்தது. என் கணவர் அந்த வரியைப் பார்த்துத்தான் மனம் சமாதானமானார்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் வகை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பார்கள். அதன் பிறகு ஒரு வேளைக்கு அரைத் தம்ளர் உள்ளே போவதே பெரிது. அந்த அரைத் தம்ளருக்குள் உடம்புக்கு வேண்டியது அத்தனையும் அடங்கியாக வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், வாய் வாயாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், அவற்றோடு ஆயுள் முழுவதும் வைட்டமின் மாத்திரைகள். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் கூழாக மசித்தது, பிறகு மென்மையான உணவு, இரண்டு மாதம் நெருங்கும்போது வழக்கமான சாப்பாடு. இவையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டவை. டிஸ்சார்ஜ் ஆன அன்று இவற்றில் பாதிகூட எனக்குத் தெரியாது.

அன்று என் கையில் கொடுத்தது மங்கலான ஒரு ஜெராக்ஸ் தாள். பனீர், மூங் தால் தண்ணீர், சுரைக்காய் சூப் என்று வட இந்தியச் சமையலறைக்கு எழுதியது. கீழே ஒரே வரியில் 'முதல் 15 நாள்: திரவ உணவு' என்றிருந்தது. அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளம்பெண் வந்து, தன்னை டயட்டீசியன் என்று சொல்லிக்கொண்டு, தாளை விளக்காமல் மேசை மேல் ஒரு டப்பாவை வைத்தார். 400 கிராம் மாவு, 3,200 ரூபாய். "இந்த அறுவை சிகிச்சை செய்தவர்களுக்காகவே தயாரித்தது மேடம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கரைத்துக் குடித்தால் போதும். புரதம், வைட்டமின் எல்லாம் இதிலேயே வந்துவிடும்" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டின் இரண்டாம் பக்கத்தில் மல்டிவைட்டமின், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை மருத்துவர் எழுதியிருந்தார். அதைக் காட்டிக் கேட்டேன். "இந்த மாவு குடிப்பவர்களுக்கு அவை வேண்டாம் மேடம், வயிற்றைப் புண்ணாக்கிவிடும்" என்றார். அவர் சொன்னதை நம்பினேன். மருத்துவர் என்னோடு பேசியது மூன்று நிமிடம். இந்தப் பெண் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நோயில் கிடக்கிறவருக்கு உட்கார்ந்து பேசுகிறவர்தான் கண்ணுக்குத் தெரிவார்.

வீட்டுக்கு வந்ததும் 'திரவ உணவு' என்ற அந்தச் சொல்லை எங்கள் அத்தை தனக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டார். நம் வீடுகளில் உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சிதானே. புழுங்கலரிசி நொய்க் கஞ்சி, தெளிந்த ரசம், இளநீர், ஜவ்வரிசிக் கஞ்சி என்று வேளை தவறாமல் அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் திரவம்தான். ஆனால் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இருக்கும் புரதம் ஒன்றிரண்டு கிராம். ரசத்திலும் இளநீரிலும் அதுகூடக் கிடையாது. 200 மில்லி பாலில் ஆறு கிராம் இருக்கிறது. கெட்டி மோரில் இருக்கிறது. பருப்பை நன்றாகக் கரைத்து எடுத்தால் இருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்தால் அதில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் வாங்கிய இடத்தில் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. அத்தை மீது தவறே இல்லை. அந்த 72 வயது மனுஷி என் பொருட்டு விடியற்காலையில் எழுந்து நொய் உடைத்தார்.

நான்காம் வாரம் மசித்த இட்லிக்கு மாறினேன். அன்று தொடங்கியது வாந்தி. முதலில் நாளைக்கு ஒரு முறை, பிறகு மூன்று, நான்கு. சில நாள் தண்ணீர்கூட நிற்காது. அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். 'மெதுவாகச் சாப்பிடுங்கள் மேடம்' என்று பதில் வந்தது. அடுத்த வாரம் 'இது எல்லாருக்கும் வருவதுதான்' என்றார். அதற்கும் அடுத்த வாரம் 'மாவை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள், டப்பா தீர்ந்திருந்தால் அனுப்புகிறேன்' என்றார். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது பார்க்கலாம் என்றார். இப்படியே ஆறு டப்பா, 19,200 ரூபாய் ஆயிற்று. எடை மளமளவென்று இறங்கியதால் சொந்தக்காரர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். முகம் வற்றிப்போனதைக்கூட நல்ல அறிகுறியாகத்தான் பார்த்தார்கள்.

எட்டாம் வாரம் ஒரு சாயங்காலம் வாசலிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தேன். "அம்மா, ஒரு செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருகிறாய்" என்றாள் மகள். குனிந்து பார்த்தேன். வலக்காலில் செருப்பு இருந்தது. இடக்கால் வெறுமனே இருந்தது. இரண்டு பாதங்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு வாரமாகவே பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததைச் சர்க்கரையின் வேலை என்று விட்டிருந்தேன். அன்று இரவு விடைத்தாள் கட்டைப் பிரித்தபோது ஒவ்வொரு எண்ணும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எழுந்து நின்றால் குடித்தவரைப் போலத் தள்ளாடினேன். மகளைக் கூப்பிட நினைத்தேன், பெயர் நாவுக்கு வரவில்லை.

ஊரிலேயே உள்ள ஒரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ரொம்ப வாந்தி, சோர்வு என்றதும் செவிலியர் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். ஊசி ஏறும் முன் அங்கே வந்த மூத்த மருத்துவர், வயிற்றில் இருந்த சிறு சிறு தழும்புகளைப் பார்த்துவிட்டு, "எத்தனை வாரமாக வாந்தி?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் சொன்னதும் பாட்டிலை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதலில் தயமின் ஊசி போட வைத்தார். தயமின் என்பது வைட்டமின் பி1. நம் உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. வாந்தி தொடர்ந்தால் சீக்கிரமே வற்றிவிடும். மாவுச் சத்தை எரிக்க அது வேண்டும் என்பதால், அது வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் தீர்ந்து, மூளை பாதிக்கப்படும். கண் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, நினைவு குழம்புவது மூன்றும் அதன் அடையாளங்கள். ஓரிரு நாள் தாமதித்திருந்தால் நினைவு திரும்பாமலே போயிருக்கலாம் என்று பிறகு என் கணவரிடம் சொன்னாராம்.

இரண்டாம் நாளே பார்வை சீரானது. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில், மிச்சம் இருந்த இரைப்பைக் குழாய் நடுவில் ஓர் இடத்தில் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து இரண்டு முறை விரித்தார்கள். வாந்தி நின்றுவிட்டது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு இப்படிச் சுருக்கம் விழுவது உண்டு. அது யார் குற்றமும் இல்லை. வாந்தி தொடங்கிய முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் போயிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். போக விடாமல் நடுவில் நின்றது அந்த வாட்ஸ்அப் எண்.

அங்கிருந்த உணவியல் நிபுணர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நான் என்ன குடித்தேன் என்று கேட்டார். கணவர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பினார். "டீச்சர், நீங்களே படியுங்கள்" என்று விரலை வைத்துக் காட்டினார். 100 கிராமில் புரதம் 22 கிராம். சேர்மானப் பட்டியலில் முதலாவது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது வெறும் மாவுச் சத்துப் பொடி. இரண்டாவது சர்க்கரை. எது எடையில் அதிகமோ அதுதான் அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. ஒரு கரண்டி 20 கிராம். அப்படியென்றால் ஒரு வேளைக்கு 4.4 கிராம் புரதம், இரண்டு வேளைக்கு 8.8 கிராம். எனக்கு வேண்டியது 60. நான் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. எட்டு வாரம் டப்பாவின் முன்பக்கத்தில் இருந்த மெலிந்த பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டே கரைத்துக் குடித்திருக்கிறேன். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், விலை ஏழெட்டு ரூபாய்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். சத்தம் போடத்தான் அழைத்தேன். நடந்ததைக் கேட்டவுடன் அவர் அழுதுவிட்டார். அதுவரை 'மேடம்' என்றே கூப்பிட்டவர், "அக்கா, நான் பி.காம் படித்தவள் அக்கா. மாவு நிறுவனம்தான் எனக்குச் சம்பளம் தருகிறது. மாதம் இத்தனை டப்பா விற்க வேண்டும். கோட்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரை வார்டுக்குள் விட்டு, நோயாளியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தவர்கள் மீது இருக்கும் கோபம் அதைவிடப் பல மடங்கு.

அந்த மருத்துவமனைக்குப் போய்க் கேட்டோம். "மாவு எங்கள் மருந்தகத்தில் விற்றதில்லை, அது வெளி நிறுவனம்" என்றார்கள். பில்லைப் பார்த்தால் உண்மையிலேயே வேறு பெயர், வேறு முகவரி. 'இலவச உணவு ஆலோசனை' என்ற கையேட்டைக் காட்டினோம். ஆலோசனை கொடுத்தோமே என்றார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன்பே கேளுங்கள். உணவு ஆலோசனை சொல்லப்போகிறவர் யார், என்ன படித்தவர், அவருக்குச் சம்பளம் கொடுப்பது மருத்துவமனையா வேறு யாராவதா என்று கேட்டு, பெயரை எழுதி வாங்குங்கள். இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் தேர்வு நடத்திப் பதிவு கொடுக்கிறது. அந்தப் பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாரவாரியான உணவுப் பட்டியலை நம் வீட்டுச் சமையலில், நம் அளவுகளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையை வேறு யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வாந்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, தண்ணீரே நிற்கவில்லை என்றாலோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், தயமின் போட்டுவிட்டுக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் காய்ச்சல், படபடவென்ற நாடித் துடிப்பு, வயிற்று வலி, இடது தோளில் வலி இருந்தால் தையலில் கசிவு இருக்கலாம். அது அந்த நிமிடமே ஓட வேண்டிய விஷயம்.

இப்போது அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு மாதம். எடை 79 கிலோ. சர்க்கரை மாத்திரை ஒன்றுக்குக் குறைந்திருக்கிறது. காலையில் முட்டை, பதினோரு மணிக்குக் கெட்டித் தயிர், மதியம் முதலில் மீனோ கோழியோ சுண்டலோ, வயிற்றில் இடம் மிச்சம் இருந்தால்தான் சோறு. அத்தை இப்போது பருப்பை இறுப்பதில்லை, கடைந்து தருகிறார். இடது பாதத்தில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. வெளியே கிளம்பும் முன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி, முதலில் தயங்கினார்கள், விதியைச் சொன்னதும் கொடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி சொன்னார்கள். ஆறாவது டப்பாவை உடைக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன், வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு டப்பா கொடுத்திருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து, பில்லையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.