தேவிபட்டினம் கடற்கரையில் கைரேகை பார்க்கும் பெரியவர்

ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களாக வழிபடப்படும் ஒன்பது கற்கள் கடலுக்குள் நிற்கின்றன. உள்ளங்கை மேடுகளுக்கும் குரு, சனி, புதன் என்று கிரகங்களின் பெயர்களே இருப்பதால், நவபாஷாணம் எனப்படும் அந்தக் கற்களைத் தரிசித்துத் திரும்புவோர் வழியில் அமர்ந்திருக்கும் கைரேகைப் பெரியவரிடம் கையை நீட்டுவது இயல்பாகவே நிகழ்கிறது. மீன்பிடித் தொழில் செய்யும் என் அத்தானை அழைத்துக்கொண்டு நானும் அண்மையில் அவரிடம் சென்றிருந்தேன்.

ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்ற வழக்கம் அவருக்கும் உண்டு என்றாலும், இரண்டு கைகளையும் ஒப்பிட்ட பிறகே வாய் திறக்கிறார். முதலில் கட்டைவிரலை வளைத்துப் பார்க்கிறார். அதன் அடியில் புடைத்திருக்கும் சுக்கிர மேட்டை அழுத்துகிறார். பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுக்கிறார். அத்தானின் உள்ளங்கையில் விதி ரேகையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு கோடு இருக்கிறது. வேறொரு சோதிடர் அதைக் கண்டம், அதாவது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, பரிகாரத்துக்குப் பெருந்தொகை கேட்டிருந்தார். பெரியவரோ அதை விரலால் தடவிவிட்டு, "இது கயிறு அறுத்த தழும்புதானே தம்பி? இதுக்குப் பலன் கிடையாது" என்றார். பிறவியில் வந்த ரேகையையும் உழைப்பில் விழுந்த தழும்பையும் பிரித்தறியத் தெரியாதவர் இந்தக் கரையில் கை பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கருவில் ஏறத்தாழ 12ஆவது வாரத்திற்குள், கை மடங்கும் இடங்களில் உருவாகிவிடும் மடிப்புகளே இந்த ரேகைகள். ஆயுள் ரேகையின் நீளம் வாழ்நாளைக் காட்டும் என்பதை நான் நம்பவில்லை. பெரியவரும் ஆயுள் சொல்ல மறுத்துவிட்டார். ஆனால் புத்தி ரேகை, சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில் இருக்கும் சந்திர மேட்டை நோக்கிச் சரிவதைக் காட்டி, "எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குறீங்க" என்று அவர் சொன்னதும், படகுக் கடனைப் பற்றி வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாத அத்தான் தாமாகவே அதைச் சொல்லத் தொடங்கினார். பெரியவர் குறுக்கிடாமல் கேட்டார். மனிதர்கள் ரேகையில் தேடுவது பெரும்பாலும் இப்படிப் பேசுவதற்கான ஒரு வழியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டணம் 100 ரூபாய். கல்லோ தாயத்தோ விற்பதில்லை; பரிகாரம் கேட்டதற்கு, நவபாஷாணத்தில் நவதானியம் இட்டு வணங்கினால் போதும் என்றார். குறை என்றால், அவர் பேசுவது அடுத்து நிற்பவர் காதிலும் விழுகிறது. திருமணம், குழந்தைப்பேறு பற்றிக் கேட்க வரும் பெண்களை எண்ணியாவது ஓர் ஓலைத் தட்டி கட்டி மறைக்கலாம். அமாவாசையன்று திதி கொடுக்க வருவோர் கூட்டத்தில் அவரால் பொறுமையாகப் பார்க்க இயலாது என்பதால், வேறு நாளில் வெயில் ஏறுமுன் செல்லுங்கள்.