கேட்டையைப் பார்க்க வாங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கி

என் நட்சத்திரம் கேட்டை. மூத்தாருக்கு ஆகாது என்று இரண்டு வீட்டார் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கேட்டையை ஒரு தடவையாவது கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்றுதான் போன மார்கழியில் இந்த ஆறு அங்குல டாப்சோனியனை, அதாவது பெட்டிமேல் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கியை, வாங்கினேன்.

பார்சலில் வந்தபோது கண்ணாடிகள் கோணியிருந்தன. நேர்படுத்த முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து நிமிடம். கனம் அதிகம், குழாயைத் தனியாகவும் அடிப்பெட்டியைத் தனியாகவும்தான் மாடிக்கு ஏற்றுகிறேன். குறை அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம். அதன் இடுப்புப் பட்டையில் உள்ள அல்நிடாக் என்ற நட்சத்திரத்துக்குக் கீழே சிக்மா ஓரியோனிஸ். 25 மி.மீ. ஐப்பீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), 48 மடங்கில், அதன் துணை நட்சத்திரம் 'ஈ' தெளிவாகப் பிரிந்து தெரிகிறது. இந்த 'ஈ' ஒரு காந்த நட்சத்திரம். காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ்; பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு என்றால் 'ஈ'யினுடையது சுமார் 10,000 காஸ். நட்சத்திரத்திலிருந்து ஓயாமல் வெளியேறும் வாயுவை அந்தப் புலம் பிடித்துத் தன்னோடு சேர்த்துச் சுற்றவைக்கிறது. தூரம் போய் விடுபடும் வாயு, சுழற்சியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே போகிறது. 1.19 நாளில் ஒரு சுற்று. அந்த நேரம் ஆண்டுக்கு 77 மில்லிசெகண்ட் நீள்வதை 2010-இல் அளந்திருக்கிறார்கள். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றில் பிரகாசமானதும் காந்த நட்சத்திரம்தான், ஒரு சுற்றுக்கு 15.4 நாள்.

அப்புறம் வைகாசி வந்தது. கேட்டை என்பது மூன்று நட்சத்திரம்: நடுவில் சிவந்த அந்தாரஸ், இருபுறமும் சிக்மா, டௌ. டௌ நீலவெள்ளை. சூரியனைப்போல் 15 மடங்கு கனம். இவ்வளவு கனமானவை பெரும்பாலும் சில நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். இதற்கு 41 நாள். இதுவும் காந்த நட்சத்திரம்தான். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகக் கலந்ததில் இதன் காந்தப்புலம் பிறந்திருக்கலாம் என்று 2019-இல் வந்த ஒரு கணினி ஆய்வு காட்டியது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காந்தப்புலம் இந்தத் தொலைநோக்கியில் தெரியாது. அதற்கு ஒளியின் துருவமுனைப்பை (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) அளக்கும் பெரிய கருவிகள் வேண்டும். ஆனால் அந்த நட்சத்திரத்தின் ஒளியே நம் கண்ணில் விழுகிறது. கொடுத்த காசுக்கு எனக்கு அது போதும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கேட்டை உச்சியில் இருக்கும்போது ஐப்பீஸ் சரியாக நாற்காலி உயரத்துக்கு வருகிறது. அம்மா உட்கார்ந்தபடியே டௌவைப் பார்த்தார். கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.